ரேடார்ல மழை... வெளியே மேகமே இல்லை! ஏரியின் மூச்சைக் கணக்கு பார்க்க உதவும் ‘ஹெக்சஜீனியா’ பூச்சியின் கதை

2014 ஜூலை 20. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணம், மிசிசிப்பி நதிக்கரையில் இருக்கும் லா கிராஸ் நகரம். இரவு 8.45 மணி வாக்கில் அங்கிருந்த வானிலை ரேடார் திரையில் திடீரென்று பச்சையும் மஞ்சளுமாக ஒரு திட்டு. பார்த்தால் நல்ல மழை மாதிரி இருக்கிறது. ஆனால் வெளியே எட்டிப் பார்த்தால் வானம் சுத்தமாக இருக்கிறது. ஒரு சொட்டு தூறல் கூட இல்லை.

கவனித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தத் திட்டு நதி ஓடும் வளைவுகளிலேயே கிளம்பி, காற்றடித்த பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. மழை மேலேயிருந்து கீழே வரும். இது கீழேயிருந்து மேலே போனது. தண்ணீருக்குள்ளிருந்து ஒரே நேரத்தில் கிளம்பிய கோடிக்கணக்கான பூச்சிகள்!

அதே இரவு, நதியின் மேல்பகுதியில் ட்ரெண்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் மூன்று கார்கள் மோதிக்கொண்டன. சாலையில் அப்பிக் கிடந்த பூச்சிகளால் டயர் வழுக்கியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது.

இந்தப் பூச்சிகளின் பேரினப் பெயர் ஹெக்சஜீனியா. ஆங்கிலத்தில் பொதுவாக ‘மேஃப்ளை’ என்பார்கள். இது வந்தால் ஊரே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வராமல் போனால்தான் உண்மையான ஆபத்து. ஏன் அப்படி?

ஈசலா இது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் ‘ஈசல் படையெடுப்பு’ என்றுதான் தலைப்பு வைப்போம். (நானும் முதலில் அப்படித்தான் டைப் செய்தேன். அப்புறம் அழித்தேன்.)

ஈசல் என்பது கறையான். மழை பெய்ததும் புற்றிலிருந்து சிறகோடு கிளம்பி, டியூப் லைட்டைச் சுற்றிவிட்டு, சிறகை உதிர்த்துவிட்டு ஊர்ந்து போகுமே, அதுதான். சில ஊர்களில் பிடித்து அரிசியோடு வறுத்துச் சாப்பிடுவார்கள். ஈசலுக்கும் தண்ணீருக்கும் நேரடி உறவு கிடையாது. அது மண்ணுக்குள் வாழ்கிற உயிர்.

மேஃப்ளை வேறு குடும்பம், வேறு வரிசை. அதன் வாழ்க்கை முழுக்க தண்ணீருக்கு அடியில். பட்டாம்பூச்சி மாதிரி சிறகை முதுகுக்கு மேலே செங்குத்தாக நிறுத்தி உட்காரும். பின்பக்கம் நூல் மாதிரி நீளமான வால் இருக்கும். வளர்ந்த ஹெக்சஜீனியாவுக்கு இரண்டு வால், தண்ணீரில் இருக்கும் இளம்பூச்சிக்கு மூன்று.

இரண்டுக்கும் ஒரே ஒற்றுமை, அற்ப ஆயுள் என்ற பெயர். மேஃப்ளை வரிசைக்கு அறிவியலில் எபிமெராப்டெரா என்று பெயர். கிரேக்கத்தில் ‘எபிமெரா’ என்றால் ஒரு நாள் மட்டும் இருப்பது.

உண்மையிலேயே ஒரு நாள்தான் ஆயுளா?

இல்லை. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

நாம் கண்ணால் பார்க்கும் சிறகு வைத்த பூச்சிக்குத்தான் ஒன்றிரண்டு நாள் ஆயுள். அதற்கு முன்பு ஹெக்சஜீனியா ஒன்று முதல் இரண்டு வருடம் வரை ஏரி அடியில் சேற்றுக்குள் வாழ்ந்திருக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் தெற்குப் பகுதிகளில் சீக்கிரம் வளரும். குளிர்ந்த வடக்கு ஏரிகளில் இரண்டு வருடம் பிடிக்கும்.

சேற்றுக்குள் இது வாழும் விதம் கொஞ்சம் விசேஷமானது. இளம்பூச்சியின் வாய்க்கு முன்னால் யானைத் தந்தம் மாதிரி இரண்டு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்தும், மண்வெட்டி மாதிரி தட்டையான முன்னங்கால்களை வைத்தும் சேற்றைத் தோண்டி ‘U’ வடிவில் ஒரு வளை அமைக்கும். ஒரு வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், இன்னொரு வாசல் வழியாக வெளியே போகும். அந்த ஓட்டத்தை உண்டாக்குவது அதன் வயிற்றுப் பகுதியின் இருபுறமும் இருக்கும் இறகு போன்ற செவுள்கள். அலை அலையாக விசிறிக்கொண்டே இருக்கும். சுவாசமும் அதில்தான். சேற்றில் படிந்திருக்கும் மக்கிய இலை தழை, பாசித் துணுக்குகள்தான் சாப்பாடு.

இந்த வளையை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரும் கதை முழுக்க இதை வைத்துத்தான். ஹெக்சஜீனியாவுக்கு வேண்டியது இரண்டே விஷயம். தோண்டினால் இடிந்து விழாத மென்மையான சேறு, அந்தச் சேற்றுக்கு மேலே ஆக்சிஜன் உள்ள தண்ணீர். ஏரியின் மேற்பரப்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இதற்குப் பயனில்லை. அடித்தளம் மூச்சு விட வேண்டும்.

வளர்ச்சி முடிந்ததும் ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு மாலைப் பொழுதில் வளையை விட்டு வெளியேறி நீந்தி மேலே வரும். நீர்ப்பரப்பிலேயே தோல் பிளந்து சிறகோடு வெளியே வரும். ஆனால் அந்தச் சிறகு மங்கலாக, புகை படிந்த கண்ணாடி மாதிரி இருக்கும். பறந்து போய் ஒரு மரத்திலோ சுவரிலோ ஒட்டிக்கொண்டு ஓய்வெடுத்து, இன்னொரு முறை தோலுரிக்கும். அப்போதுதான் பளிச்சென்று தெளிவான சிறகு வரும். பறக்கும் சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி இன்று உலகத்தில் மேஃப்ளை மட்டும்தான். வேறெந்தப் பூச்சிக்கும் இந்தப் பழக்கம் இல்லை.

வளர்ந்த பூச்சிக்கு வாய் இருந்தும் பயனில்லை, சாப்பிட முடியாது. குடலில் காற்றுதான் இருக்கும். அதனால் கடிக்காது, கொட்டாது, நோய் பரப்பாது. ஆண்கள் கூட்டமாக மேலும் கீழும் ஆடிக்கொண்டே பறக்க, பெண்கள் அந்தக் கூட்டத்துக்குள் வந்து இணை சேரும். பிறகு தண்ணீரில் இறங்கி நான்காயிரம் முட்டை வரை, சில சமயம் அதற்கும் மேலே இட்டுவிட்டு அங்கேயே செத்துப் போகும். முட்டை மெதுவாக அடியில் போய்ச் சேரும். தண்ணீர் சூடாக இருந்தால் இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும்.

மொத்தம் எத்தனை இனம்?

ஹெக்சஜீனியா அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த பேரினம். 1863-ல் இந்தப் பெயரை வைத்தவர் பெஞ்சமின் வால்ஷ். இவர் கேம்பிரிட்ஜில் சார்லஸ் டார்வினோடு படித்தவர், பின்னாளில் அவரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். இங்கிலாந்திலிருந்து போய் மிசிசிப்பி கரையில் ராக் ஐலண்ட் என்ற ஊரில் குடியேறினார். ஜூலை மாத ராத்திரிகளில் இந்தப் பூச்சி அவர் வீட்டுச் சுவரில் எல்லாம் ஒட்டியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அமெரிக்கா, கனடாவில் முக்கியமாகப் பேசப்படுவது நான்கு இனங்கள்.

ஹெக்சஜீனியா லிம்பேட்டா. அதிக இடங்களில் பரவியிருப்பது இதுதான். ஏரி, குளம், நதி என்று எங்கே நல்ல சேறு கிடைக்கிறதோ அங்கே இருக்கும். மஞ்சள் உடம்பில் பழுப்பு நிறக் கோலம். மிச்சிகன் மாகாணத்தில் டிரவுட் மீன் பிடிக்கிறவர்கள் ‘ஹெக்ஸ்’ என்று செல்லமாகக் கூப்பிடுவது பெரும்பாலும் இதைத்தான். இந்தப் பூச்சி கிளம்பும் இரவுகளில் பெரிய மீன்கள் எல்லாம் மேலே வந்து சாப்பிடும். அதற்காகவே லீவு போட்டுவிட்டுத் தூண்டிலோடு நள்ளிரவில் ஆற்றில் இறங்குகிறவர்கள் உண்டு.

ஹெக்சஜீனியா பைலினியேட்டா. இது பெரிய நதிகளின் பூச்சி. மிசிசிப்பிதான் இதன் தலைநகரம். லா கிராஸ் ரேடாரில் மழையாகத் தெரிந்தது இதுதான். 1824-லேயே தாமஸ் சே என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் இதைப் பதிவு செய்துவிட்டார்.

ஹெக்சஜீனியா ரிஜிடா. ஈரி ஏரியில் லிம்பேட்டாவோடு சேர்ந்து வாழ்வது. வெளித் தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் நிபுணர்கள் பிரிக்கிறார்கள்.

ஹெக்சஜீனியா அட்ரோகாடேட்டா. லத்தீனில் ‘கரு வால்’ என்று அர்த்தம். மற்றவை முடித்துவிட்டுப் போன பிறகு, கோடையின் கடைசியில் நிதானமாக வரும். இவ்வளவு பெரிய கூட்டம் எல்லாம் சேர்க்காது.

1953: ஏரிக்கு மூச்சு நின்ற செப்டம்பர்

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் இருக்கும் ஐந்து பெரிய ஏரிகளில் ஆழம் குறைவானது ஈரி. அதிலும் மேற்குப் பகுதி ரொம்ப ஆழம் குறைவு, சராசரியாக ஏழெட்டு மீட்டர்தான். காற்று அடித்தால் அலை அடிவரை கலக்கிவிடும். அதனால் அடிச்சேற்றுக்கு எப்போதும் ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரு சதுர மீட்டர் சேற்றில் சுமார் 400 ஹெக்சஜீனியா இளம்பூச்சிகள் இருந்த காலம் அது. மீன்களுக்கு நிரந்தர விருந்து.

1953 கோடையின் முடிவில் காற்றே இல்லை. வெயில் மட்டும் அடித்தது. மேலே சூடான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர் என்று இரண்டு அடுக்காக ஏரி பிரிந்து நின்றுவிட்டது. பாலில் ஆடை கட்டின மாதிரி. மேலிருக்கும் ஆக்சிஜன் கீழே இறங்கவில்லை. கீழே என்ன நடந்தது என்றால், நகரங்களின் சாக்கடையும் வயல்களின் உரமும் பல வருடமாகக் கொண்டுவந்து கொட்டிய சத்தால் வளர்ந்து செத்த பாசி, அடியில் மக்கிக்கொண்டிருந்தது. மக்குவதற்கும் ஆக்சிஜன் வேண்டுமே. இருந்த கொஞ்சத்தையும் அது உறிஞ்சிவிட்டது.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்சன் பிரிட் அந்த செப்டம்பரில் ஏரியின் தீவுப் பகுதியில் சேற்றை அள்ளிப் பார்த்தார். இளம்பூச்சிகள் செத்து, அழுகிக் கிடந்தன. அந்த மாதக் கடைசியில் உயிரோடு மிஞ்சியது சதுர மீட்டருக்கு சுமார் 44.

அடுத்த வருடம் கொஞ்சம் தலை தூக்கின. ஆனால் ஏரிக்குள் கழிவு கொட்டுவது நிற்கவில்லை. 1960-களில் மேற்கு ஈரியில் ஹெக்சஜீனியா இல்லை என்றே சொல்லிவிடலாம். சேற்றில் அவற்றின் இடத்தை ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும் சிவப்புப் புழுக்கள் பிடித்துக்கொண்டன. ‘ஈரி ஏரி செத்துவிட்டது’ என்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது. 1969-ல் அந்த ஏரியில் போய்ச் சேரும் கயஹோகா நதி, மேலே மிதந்த எண்ணெயும் குப்பையுமாகத் தீப்பிடித்தே எரிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. கூட்டம் கூட்டமாக வந்து கடைக் கண்ணாடியை மறைத்த பூச்சி வராமல் போனதும் கரையோர ஊர்க்காரர்கள் பலருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். தொல்லை ஒழிந்தது என்று. ஏரியின் அடித்தளம் செத்ததை மேலே நின்று பார்த்தால் தெரியாதே.

எப்படித் திரும்பி வந்தது?

1972-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் வந்தது. அமெரிக்காவும் கனடாவும் பெரிய ஏரிகளின் நீர்த் தரத்துக்காக ஓர் ஒப்பந்தம் போட்டன. முக்கிய இலக்கு பாஸ்பரஸ். சாக்கடை சுத்திகரிப்பு நிலையங்களுக்கு நிறையப் பணம் செலவானது, சலவைத் தூளிலும் பாஸ்பேட் குறைக்கப்பட்டது.

உடனே பலன் தெரியவில்லை. சேற்றில் சேர்ந்தது கரைய வருடங்கள் ஆகும். 1990-களின் தொடக்கத்தில்தான் மேற்கு ஈரிக் கரையில் மறுபடியும் பூச்சிகள் தென்பட்டன. கிட்டத்தட்ட நாற்பது வருட இடைவெளி! 1980-களின் கடைசியில் வெளிநாட்டுக் கப்பல்களோடு வந்து சேர்ந்த ஜீப்ரா மட்டிகள் தண்ணீரை வடிகட்டியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த மட்டிகள் வேறு நூறு பிரச்சினைகளைக் கொண்டுவந்தது தனிக் கதை.

மிசிசிப்பியிலும் இதே கதை நடந்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களுக்குக் கீழே இருந்த நதிப் பகுதியில் கழிவுநீரால் ஹெக்சஜீனியா காணாமல் போயிருந்தது. வினோனா நகரத்தில் பேராசிரியராக இருந்த கால்வின் ஃப்ரெம்லிங் இதைக் கணக்கெடுக்க ஒரு சூப்பர் வழி கண்டுபிடித்தார். அவ்வளவு நீளமான நதியை ஒரு ஆளாகச் சுற்றிவர முடியாது. எனவே நதியில் போகும் படகு கேப்டன்களிடமும், மதகுகளில் வேலை பார்ப்பவர்களிடமும் உதவி கேட்டார். பூச்சி வந்தால் நாலு பிடித்து, தேதியும் இடமும் எழுதி அனுப்புங்கள் என்று. அப்படி வந்து சேர்ந்த பூச்சிகளை வைத்தே எங்கே நதி நலமாக இருக்கிறது, எங்கே இல்லை என்று வரைபடம் போட்டுவிட்டார். சுத்திகரிப்பு மேம்பட்ட பிறகு 1980-களில் அந்த வெற்றிடத்திலும் பூச்சிகள் திரும்பின.

இப்போது என்ன நிலைமை?

படகு கேப்டன்கள் செய்த வேலையை இப்போது ரேடார் செய்கிறது. அமெரிக்க வானிலை ரேடார்கள் 2010-களின் தொடக்கத்தில் மேம்படுத்தப்பட்டன. கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் இரண்டு வகை அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை ஒப்பிடும். மழைத்துளி கிட்டத்தட்ட உருண்டை, பூச்சி நீளமானது. ஆகவே இது மழையா, பூச்சியா என்று பிரித்துச் சொல்ல முடியும். எதிரொலியின் பலத்தை வைத்து எத்தனை என்றும் மதிப்பிடலாம்.

இந்த முறையில் ஃபிலிப் ஸ்டெபானியன் தலைமையிலான குழு மேல் மிசிசிப்பியையும் மேற்கு ஈரியையும் ஆராய்ந்து, 2020-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் முடிவுகளை வெளியிட்டது. இரண்டு நீர்நிலைகளிலிருந்தும் சேர்த்து ஒரு வருடத்தில் கிளம்பும் பூச்சிகள் சுமார் 8,790 கோடி வரை. எடையாகச் சொன்னால் 3,000 டன்னுக்கு மேல். ஏரி அடியிலிருந்த சத்து, பறந்து வந்து பறவைக்கும் மீனுக்கும் வௌவாலுக்கும் சிலந்திக்கும் சாப்பாடாகிறது.

அடுத்து வந்ததுதான் அதிர்ச்சி. 2012-லிருந்து இந்த எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. மேற்கு ஈரியில் 2015-க்கும் 2019-க்கும் இடையில் மட்டும் 84 சதவீத வீழ்ச்சி.

காரணமாக அந்த ஆய்வாளர்கள் ஒன்றை மட்டும் கைகாட்டவில்லை. தண்ணீர் சூடாவதால் அடியில் ஆக்சிஜன் குறைவது, வயல்களிலிருந்து வரும் நியோநிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி, பாசி வெளியிடும் நச்சு ஆகியவை பட்டியலில் இருக்கின்றன.

அந்தப் பாசியை டொலிடோ நகர மக்கள் மறக்க மாட்டார்கள். ரேடார் கதை நடந்த அதே 2014, ஆகஸ்ட் 2. ஈரி ஏரியிலிருந்து வரும் குடிநீரில் மைக்ரோசிஸ்டின் என்ற பாசி நச்சு கலந்திருக்கிறது, குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தாலும் போகாது என்று அறிவிப்பு வந்தது. சுமார் நான்கு லட்சம் பேர் கிட்டத்தட்ட மூன்று நாள் குழாயைத் திறக்கப் பயந்தார்கள். கடைகளில் தண்ணீர் பாட்டில் தீர்ந்துபோனது. இந்த ஏரியை நம்பி ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் தண்ணீர் குடிக்கிறார்கள். 1953-ல் முக்கிய வில்லன் நகரச் சாக்கடை என்றால் இப்போது பெரும் பங்கு வயல்களிலிருந்து மாமி நதி வழியாக வரும் உரத்துக்கு. சாக்கடைக் குழாயை அடைக்கலாம். ஆயிரக்கணக்கான வயல்களிலிருந்து வழிவதை எப்படி அடைப்பது? அங்கேதான் சிக்கல்.

ஊருக்குள் வந்தால் என்ன செய்வார்கள்?

தொல்லை இல்லை என்று சொல்ல முடியாது. விளக்கைத் தேடி வரும். காலையில் தெருவிளக்குக்குக் கீழே குவியலாகச் செத்துக் கிடக்கும், அழுகிய மீன் வாடை அடிக்கும். மிசிசிப்பி பாலங்களில் பனி அள்ளும் வண்டியை வைத்துத் தள்ளிய வருடங்கள் உண்டு. உதிர்ந்த தோல் துகள்களால் சிலருக்கு ஆஸ்துமா தூண்டப்படுகிறது என்று 1920-களின் இறுதியிலேயே டொலிடோ மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

ஆனால் மருந்து அடிப்பதில்லை. அடித்தால் ஏரிக்குத்தான் கேடு. கூட்டம் வரும் சில நாட்கள் கடை விளக்கு, பால விளக்கு, வாசல் விளக்கை அணைத்து வைக்கச் சொல்வார்கள். அது பூச்சிக்கும் நல்லது, ஏனென்றால் விளக்கடியில் விழுந்த பெண் பூச்சியின் முட்டை வீண். மிச்சிகனின் நியூ பால்டிமோர் ஊரில் ஒரு படி மேலே போய், இந்தப் பூச்சியின் பெயரிலேயே வருடாவருடம் திருவிழா நடத்துகிறார்கள். அங்கே இதற்குப் பெயர் ‘ஃபிஷ்ஃப்ளை’. பக்கத்தில் கனடாவுக்குப் போனால் ‘ஷாட்ஃப்ளை’.

நம்ம ஊரில் இருக்கா?

ஹெக்சஜீனியா இல்லை. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த எபிமெரா என்ற பேரினம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இருக்கிறது. மேஃப்ளையின் வேறு பல குடும்பங்களும் உண்டு. தென்னிந்திய மலை ஓடைகளின் மேஃப்ளைகளைப் பற்றி மதுரையிலிருந்து கே.ஜி. சிவராமகிருஷ்ணன் போன்றவர்கள் பல பத்தாண்டுகளாக ஆய்வு செய்திருக்கிறார்கள்.

அடுத்த முறை மலைப் பக்கம் போனால், வேகமாக ஓடும் ஓடையில் கையளவு கல் ஒன்றை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வயிற்றின் ஓரத்தில் செவுள் அசைய, பின்னால் பெரும்பாலும் மூன்று வாலோடு ஓடி ஒளிகிறதா? அது மேஃப்ளை இளம்பூச்சிதான். பார்த்துவிட்டு, கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே திருப்பி வைத்துவிடுங்கள்.